பாரன் வான் இம்ஹோப்: ஒரு மதிப்பீடு

இலங்கையை ஆண்ட ஒல்லாந்தத் தேசாதிபதிகளின் பெயர்களை மாணவர் பெரும்பாலும் பரீட்சைக்காகவே மனனஞ் செய்கின்றனர். பரீட்சை முடிந்ததும் அப்பெயர்கள் நினைவினின்று நீங்கிவிடுகின்றன. அவ்வாறு நீங்கும் பெயர்களுள் ஒன்று குஸ்தாவ் வில்லெம் வான் இம்ஹோப் என்பதாகும். 1736 ஆம் ஆண்டு யூலை மாதம் முதல் 1740 ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரை, நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலம், அவர் கொழும்பிலிருந்து இத்தீவின் கரையோரப் பகுதிகளை ஆண்டார். யாழ்ப்பாணமும் அவர் ஆணைக்கு உட்பட்டிருந்தது. பின்னர்ப் பத்தேவியாவிலே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் மகாதேசாதிபதியாய் உயர்ந்து, அப்பதவியிலிருந்தபடியே 1750 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இறந்தார்.

ஒருமுறை வரலாற்று வகுப்பிலே இப்பெயரை நான் கரும்பலகையில் எழுதியபொழுது, பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், இவர் நல்லவரா, கெட்டவரா?” என்று வினவினான். வகுப்பு நகைத்தது. யானும் நகைத்து, பாடத்தை மேலே நடத்தினேன். ஆயினும் அவ்வினா என்னைவிட்டு நீங்கவில்லை. அன்று அவனுக்கு விடை கூறாது விட்டமைக்கு ஈடாகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

வான் இம்ஹோப் ஒல்லாந்தர் எனப்படினும் பிறப்பால் ஜேர்மனியர். ஒல்லாந்தின் எல்லையை அடுத்த கிழக்குப் பிரீசிய நாட்டில் லேர் என்னும் ஊரிலே, 1705 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், பிரபுக் குடும்பமொன்றில் அவர் தோன்றினார். பாரன் என்பது அக்குடும்பத்தின் பட்டம். அக்காலத்தில் ஜேர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. சிற்றரசுகள் பல கலந்த நிலப்பரப்பாகவே அது இருந்தது. கடல் கடந்து பொருளும் பதவியும் தேட விரும்பிய ஜேர்மனியருக்கு அண்டையிலிருந்த வாயில் ஒல்லாந்தக் கொம்பனியே. இரு நூற்றாண்டுக் காலத்தில் அக்கொம்பனி ஆசியாவுக்கு அனுப்பிய ஏறத்தாழப் பத்து இலட்சம் பேருள் பெருந்தொகையினர் ஒல்லாந்தரல்லாதார். அவர்களுள்ளும் ஜேர்மனியரே மிகப் பலர். அவர்களிற் பெரும்பாலோர் படைவீரராகவும் மாலுமிகளாகவும் வந்து, காய்ச்சலுக்கு இரையாயினர். வான் இம்ஹோப்போ 1725 இல் கொம்பனிச் சேவையிற் சேர்ந்து, பத்தேவியாவில் உயர் அதிகாரி ஒருவரின் மகளை மணந்து, பதினோராண்டுக்குள் இலங்கைத் தேசாதிபதியானார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தொன்று நிறையவில்லை.

அவர் வந்த காலத்து இலங்கை எத்தகையது? 1726 முதல் 1729 வரை ஆண்ட தேசாதிபதி பேத்ருஸ் வைஸ்ற் என்பவர் புரிந்த கொடுமைகள் பொறுக்கலாற்றாதனவாகி, கொம்பனியே அவரைப் பத்தேவியாவில் விசாரித்து 1732 இல் மரண தண்டனை விதித்தது. அதன் பின்னும் அமைதி பிறக்கவில்லை. கறுவாக் காடுகளைக் காக்கும் பொருட்டுக் குடிகளின் சேனைப் பயிர்ச்செய்கைக்குத் தடைகள் விதிக்கப்பட்டமையால், தென்மேற்குப் பகுதியிலே குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். கறுவா உரிப்போரும் வேலையை விட்டு நீங்கினர். கண்டியரசன் எல்லைகளை அடைத்தான். இந்நிலையிற் பதவியேற்ற வான் இம்ஹோப், வாளினும் சொல்லே பயன்றரும் என்பதை உணர்ந்து, கண்டியோடு இணங்கிச் சென்று, குடிகளையும் ஒருவாறு அமைதிப்படுத்தினார். 1739 இல் வீர நரேந்திரசிங்கன் இறக்க, மதுரை நாயக்கர் மரபிலே வந்த ஸ்ரீ விஜய ராஜசிங்கன் கண்டிச் சிங்காசனம் ஏறினான். நாயக்கர் வமிசம் இலங்கையில் அரசுரிமை பெற்ற அவ்வேளையிலே கரையை ஆண்டவர் இவரே. கொழும்பில் அச்சியந்திரம் இயங்கத் தொடங்கி, 1737 இல் சிங்களச் செபநூல் ஒன்று அச்சாகி வெளிவந்ததும் இவர் காலத்திலேயே. அவ்வச்சகத்திலிருந்துதான் பின்னர் 1759 இல் பிலிப்பு தெ மெல்லோவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளியாயிற்று.

இவற்றைக்கொண்டு இவரைச் சீர்திருத்தச் செம்மல் என்று போற்றுவார் ஒரு சாரார். பத்தேவியாவில் அவர் செய்தனவும் இக்கருத்துக்கு வலிமை தருவன. மகாதேசாதிபதியாய் 1743 இல் பதவியேற்ற பின், கடற்படைப் பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். 1744 இல் செய்தித்தாள் ஒன்று வெளிவர இடமளித்தார். 1746 இல் அஞ்சல் நிலையம் திறந்தார். தம் சபையினராகிய லூத்தரன்மாருக்கு வழிபாட்டுரிமை வழங்கினார். இவையெல்லாம் மெய்யே. மற்றொரு சாரார், அந்நிய தேசாதிபதிகள் அனைவரும் கொள்ளைக்காரரே, அவர்களுள் வேற்றுமை காண்பது வீண் என்பர். முதற் கூற்று, செய்த காரியங்களை எண்ணுகின்றதேயன்றி, யாருக்காகச் செய்தார் என்று வினவுகின்றிலது. இரண்டாங் கூற்று ஆராய்ச்சியையே வேண்டாமென்று ஒதுக்குகின்றது. நாம் இரண்டனையும் விட்டு, அவர் வாழ்விலே அவருடைய அரசியல் அறிவு சோதனைக்குள்ளான மூன்று சந்தர்ப்பங்களை எடுத்து நோக்குவோம்.

முதலாவது திருவிதாங்கூர். 1739 சனவரியில் வான் இம்ஹோப் கொச்சிக்குச் சென்று மலையாளக் கரையின் நிலையை ஆராய்ந்தார். வேணாட்டிலிருந்து வடக்கு நோக்கிச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாய் இணைத்துவந்த மார்த்தாண்டவர்மர், கொம்பனியின் மிளகு வாணிகத்துக்குப் பெருந்தடையாய் வளர்ந்திருந்தார். படைவலியாலன்றி இதற்குப் பரிகாரமில்லையென வான் இம்ஹோப் அறிக்கை வரைந்தார். பின்பு மார்த்தாண்டவர்மரை நேரிற் கண்டு, கொம்பனியின் நிபந்தனைகளுக்கு இணங்காவிடிற் போர் தொடுப்போமென அச்சுறுத்தினார். மன்னர் அஞ்சாது, தாமும் ஒருநாள் ஐரோப்பாவின்மேற் படையெடுக்க எண்ணியிருப்பதாக எள்ளி நகையாடினார் என்று கூறுவர். போர் மூண்டது. இலங்கையிலிருந்தும் படை சென்றது. 1741 இல், இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள குளச்சலிலே, ஒல்லாந்தப் படை தோற்றுச் சரணடைந்தது. சிறைப்பட்ட தெ லனோய் என்னும் அதிகாரி திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவராகி, அந்நாட்டுச் சேவையிலேயே 1777 இல் இறந்தார். உதயகிரிக் கோட்டையிலுள்ள அவருடைய கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருத்தல் ஈண்டு நினைக்கத்தக்கது. 1753 இல் மாவேலிக்கரையிற் செய்த உடன்படிக்கையோடு மலையாளக் கரையிலே கொம்பனியின் மேலாண்மை முடிவெய்தியது.

குளச்சற் போர் நிகழ்ந்தபொழுது வான் இம்ஹோப் இலங்கையில் இல்லை. ஆதலின் தோல்வி முழுவதையும் அவர் தலையிற் சுமத்துதல் நீதியன்று. எனினும் அப்போருக்கு வித்திட்ட கருத்து அவருடையது. திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. அதனைக் கற்ற எந்தத் தமிழ் அமைச்சனும், காட்டையும் கடலையும் குடிகளின் பற்றையும் அரணாகக் கொண்ட ஓர் அரசனைக் கணக்கேட்டின் பக்கங்களைக்கொண்டு அளந்திருக்க மாட்டான். கண்டியிலே பொறுமை கைக்கொண்ட ஒருவர் மலையாளத்திலே அதனைக் கைவிட்டமைக்குக் காரணம் யாது? கறுவா வேண்டின் கண்டியரசனுடைய இணக்கம் இன்றியமையாதது. அது தெரிந்த உண்மையாதலின் பணிந்தார். மலையாளத்திலோ அத்தகைய தேவை தமக்கு இல்லையென எண்ணினார். ஆகவே கண்டியில் அவர் காட்டிய பொறுமை குணமன்று, கணக்கே என்பது புலனாகின்றது.

இரண்டாவது பத்தேவியா. 1740 இல் அவர் அங்கே ஆலோசனைச் சபை உறுப்பினராய்ச் சென்று சேர்ந்தார். சர்க்கரை ஆலைகளில் வேலையிழந்த சீனர் நாட்டுப்புறத்திலே திரிந்தனர். சந்தேகத்துக்குரிய சீனரைப் பிடித்து, கறுவா உரிக்கும் வேலைக்காக இலங்கைக்கு நாடு கடத்துவதென அவ்வாண்டு யூலை மாதம் முடிவு செய்யப்பட்டது. கப்பலேற்றப்படுவோர் நடுக்கடலில் வீசப்படுகின்றனர் என்ற வதந்தி பரவியது. சீனர் கிளர்ந்தனர். ஒக்டோபர் 9 ஆம் நாள் தொடங்கிச் சில நாட்களுக்கு நகரினுள்ளே சீனர் வேட்டையாடப்பட்டனர். இறந்தோர் ஏறத்தாழப் பதினாயிரவர் என்று கணக்கிடுவர். மகாதேசாதிபதி வல்கெனியரின் கடுமையை வான் இம்ஹோப் சபையில் எதிர்த்து நின்றார். அதனால் அவ்வாண்டு டிசெம்பரில் வேறு இருவரோடு சிறைப்படுத்தப்பட்டு, மறு மாதம் ஒல்லாந்துக்குக் கப்பலேற்றப்பட்டார். ஆனால் அங்கே கொம்பனியின் பணிப்பாளர் அவரையே புதிய மகாதேசாதிபதியாக முன்னரே தெரிந்திருந்தனர். வல்கெனியர் நன்னம்பிக்கை முனையிற் கைதாகி, பத்தேவியாச் சிறையிலேயே 1751 இல் மாண்டார்.

கதைபோலத் தோன்றும் இந்நிகழ்ச்சியே வான் இம்ஹோப்புக்குப் பெரும் புகழ் தந்தது. கொலையை எதிர்த்தமை சிறப்பே. அதனை மறுப்பார் மனச்சான்று இல்லாதார். எனினும் திறனாய்வாளன் ஒன்று கேட்டல் வேண்டும். நாடு கடத்தல் என்னும் யோசனையைச் செய்த சபையில் அவரும் அமர்ந்திருந்தார் அல்லரோ? மனிதரை ஒரு தீவினின்றும் வேறொரு தீவுக்குச் சரக்கைப்போல் மாற்றலாம் என்ற எண்ணமே வதந்திக்கு இடமளித்தது; வதந்தியே கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று. இலங்கையின் கறுவாக் காடுகளை நன்கறிந்தவர் அவர். அக்காடுகளில் வேலை எத்தகையது என்பதை அச்சபையில் அவரினும் நன்றாய் அறிந்தார் எவருமிலர். வல்கெனியருக்கும் அவருக்கும் இடையே பகைமை இருந்ததென்பதும் மறக்கத்தக்கதன்று. கொலைக்கு அஞ்சியவர், கொலைக்கு வழிகோலிய கொள்கைக்கு அஞ்சவில்லை.

மூன்றாவது சாவகம். 1741 இல் ஒல்லாந்திலிருந்தபொழுது, கொம்பனியின் அன்றைய நிலை பற்றி அவர் பணிப்பாளருக்கு நெடிய ஆராய்ச்சியுரை ஒன்று சமர்ப்பித்தார். கொம்பனியின் நோயை உள்ளிருந்தே கண்டு சொன்ன துணிவு அதன் சிறப்பு. எல்லா வாணிகத்தையும் கொம்பனியே கைக்கொள்ளுதல் ஆகாது, சில துறைகளைத் தனியாருக்கு விடல் வேண்டும் என்பது அவர் கருத்து. 1742 இல் அவர் கிழக்கு நோக்கிப் புறப்பட்ட கப்பலின் பெயரே ‘சீர்ப்படுத்துவோன்’ எனப் பொருள்படும். ஆனால் நடந்தது யாது? செய்தித்தாள் இரண்டாண்டுக்குள் தடை செய்யப்பட்டது. 1745 இல் அபினி வாணிகத்துக்கென நிறுவப்பட்ட சங்கத்திலே உயர் அதிகாரிகளே பங்காளராயினர். மலையடிவாரத்திலே, இன்று போகோர் எனப்படும் இடத்தில், ‘கவலையற்ற இடம்’ எனப் பெயரிட்டு மகாதேசாதிபதிக்கு மாளிகை எழுந்தது. 1746 இல் மத்தராம் அரசவைக்குச் சென்ற வான் இம்ஹோப், கடற்கரைப் பகுதிகளைக் கொம்பனிக்கு எழுதி வாங்கியதுமன்றி, அரசனின் தம்பியாகிய மங்குபூமியைச் சபை நடுவே கடிந்து பேசினார். மங்குபூமி அவமானம் பொறாது அரசவையை விட்டு நீங்கிக் கலகக் கொடி உயர்த்தினார். வான் இம்ஹோப் இறந்தபின்னும் நீண்ட அப்போரின் முடிவிலே, 1755 இல் கியாந்தி உடன்படிக்கையால் மத்தராம் இரண்டாகப் பிளவுண்டது. மங்குபூமி யோக்யகர்த்தாவின் முதற் சுல்தானானார். ஒரு சொல்லால் ஒரு நாடு இரண்டாயிற்று என்பது மிகையாகலாம். அச்சொல்லும் காரணங்களுள் ஒன்று என்பது மிகையாகாது.

இம்மூன்று சந்தர்ப்பங்களையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை துலங்கும். வான் இம்ஹோப்புக்குக் கொம்பனியின் உள்ளே இருந்த குறைகள் தெளிவாய்த் தெரிந்தன. கொம்பனிக்கு வெளியே இருந்த மனிதர் அவருக்குத் தெரியவில்லை. மார்த்தாண்டவர்மர் மிளகாகவும், சீனர் கூலிக் கைகளாகவும், மங்குபூமி ஒப்பந்தத்துக்கு இடையூறாகவுமே தோன்றினர். சீர்திருத்தம் என்பது கணக்கேட்டைச் சீர்படுத்தலாகவே முடிந்தது.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இலங்கையை விட்டு நீங்குங்கால் வான் இம்ஹோப், தமக்குப் பின் வந்த புறூயினிங்குக்கு ஒப்படை அறிக்கை ஒன்று எழுதிவைத்தார். சோபியா பீற்றேர்ஸ் அம்மையார் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1911 இல் கொழும்பில் அது நூலாயிற்று. யாழ்ப்பாணத்தவராகிய பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம், வான் இம்ஹோப்பின் இலங்கைக் கொள்கை பற்றி 1962 இல் ஒல்லாந்து நாட்டு ஆய்விதழ் ஒன்றில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். நம்மவர் ஒருவர் அவர்களுடைய மொழியையே கற்று, அவர்களுடைய ஏடுகளைக்கொண்டே அவர்களை எடைபோட்டமை நாம் பெருமையோடு நினைக்கற்பாலது.

ஒப்படை அறிக்கை என்பது ஒருவகை இலக்கியம். அதற்கென ஓர் இலக்கணம் உண்டு. கண்டியரசனோடு உறவு, கறுவா, வருவாய், கோட்டை, படை, பள்ளி, சபை என்று அது ஒழுங்காய்ச் செல்லும். யாழ்ப்பாணம் அத்தகைய ஆவணங்களிலே யானை, சாயவேர், பனை, தலைவரி, ஊழியம் என்னும் தலைப்புக்களாய் வரும். வன்னியர் திறையாகக் கொடுத்த யானைகள் ஆனையிறவு கடந்து வந்து, இந்திய வணிகருக்கு விற்கப்பட்டு, ஊர்காவற்றுறையிற் கப்பலேறின. யானையின் விலை ஏட்டில் உண்டு. அதனை ஓட்டிவந்தவனின் பெயர் இல்லை. இது வான் இம்ஹோப் ஒருவரின் குற்றமன்று, அவ்வகை எழுத்தின் குற்றம். எனினும் எழுதியவன் தான் எழுதாததை அறிந்திருந்தானா என்று கேட்பது திறனாய்வின் கடமை.

அக்காலத்து யாழ்ப்பாணம் ஊமையாய் இருந்ததோ? அன்று. வான் இம்ஹோப்புக்கு முன் சில வாரம் பதில் தேசாதிபதியாயிருந்த மக்கறா என்பவர் வேண்டியதால், மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றினார் என்பது மரபு. கூழங்கைத் தம்பிரான் தமிழ் கற்பித்து வாழ்ந்ததும் அந்நூற்றாண்டிலேயே. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1734 ஆம் ஆண்டளவில் இப்போதுள்ள இடத்தில் மீள எழுந்தது என்பது கோயில் வரலாறு. வெளிப்படையான சைவ வழிபாட்டுக்குத் தடையிருந்த காலத்திலே ஊர் தன் நெறியைக் கைவிடவில்லை. இவையெல்லாம் கோட்டை மதிலுக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்தன.

வான் இம்ஹோப்புக்கு முந்திய தலைமுறை ஜேர்மனியர் வேறொருவரையும் இங்கே ஒப்புநோக்கலாம். தரங்கம்பாடிக்கு 1706 இல் வந்த சீகன்பால்கு மதம் பரப்பவே வந்தார். நம் சமயத்தோடு வாதிட்டார். ஆயினும் தமிழரிடம் வினாக்கள் எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய விடைகளை ஜேர்மனிக்கு மொழிபெயர்த்து அனுப்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713 இல் நூலொன்றும் எழுதினார். அவருடைய முடிவுகளோடு நாம் இணங்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய ஏடுகளிலே தமிழன் பேசுகின்றான். வான் இம்ஹோப்பின் உலகிலோ தமிழனைப்பற்றிப் பிறர் பேசுகின்றனர். பட்டமும் படையும் இல்லாத ஒருவர் கேட்கக் கற்றார். அவை இரண்டும் உடையவருக்குக் கேட்க வேண்டிய தேவை எழவில்லை.

இவ்வாராய்ச்சியால் நமக்கு ஆவதென்ன என்று சிலர் வினவலாம். 1981 இல் நம் பொது நூலகம் எரிந்தபொழுது, நம்மவர் எழுதிவைத்த ஏடுகள் பலவும் உடன் எரிந்தன. 1990 இல் கோட்டையினுள்ளே ஒல்லாந்தர் கட்டிய தேவாலயமும் போரில் அழிந்தது. கொம்பனியின் ஏடுகளோ கொழும்பிலும் ஒல்லாந்திலும் கட்டுக்கட்டாய்ப் பேணப்பட்டு, 2003 இல் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றன. ஆகவே, நம் முன்னோரைப்பற்றி நாம் அறிய வேண்டுமாயின், அவர்களை ஆண்டவரின் ஏடுகளையே பெரிதும் நாட வேண்டியிருக்கின்றது. அவ்வேடுகளை வெறுத்து ஒதுக்கினால் நாம் இழப்போம். அவற்றை அவ்வாறே நம்பினாலும் இழப்போம். எழுதப்பட்டதை ஏற்று, எழுதாது விடப்பட்டதைத் தேடும் பயிற்சியே வரலாற்றுக் கல்வி. வீட்டுப் பெட்டியில் உறங்கும் பழைய உறுதியும், கோயிற் கணக்கும், ஓலைச்சுவடியும் அத்தேட்டத்துக்கு வேண்டப்படுவன. நம் மாணவர் தத்தம் ஊரில் அவற்றைத் தேடிப் படியெடுத்து வைப்பாராயின், பின்வரும் தலைமுறை வான் இம்ஹோப்பின் கண்ணால் மட்டும் தன்னைக் காணவேண்டிய நிலை நேராது.

இனி, அம்மாணவனுக்கு விடை கூறுகின்றேன். வான் இம்ஹோப் தீயவர் அல்லர். தம் காலத்துத் தேசாதிபதிகளிற் பலரினும் அறிவாலும் மனத்தாலும் மேம்பட்டவர். அப்படிப்பட்ட ஒருவராலும் நன்மை செய்ய இயலாது போயிற்று என்பதே அவர் வாழ்வு நமக்குத் தரும் பாடம். ஆளப்படுவோனுக்கு அவைநடுவே நின்று தன் குறையைச் சொல்லும் உரிமை இல்லாத ஆட்சியிலே, ஆள்பவனின் நற்குணம் கணக்கேட்டின் ஓரத்தோடு நின்றுவிடுகின்றது. நல்ல தேசாதிபதியா என்று கேட்குமுன், அந்தத் தேசாதிபதியிடம் குடிமகன் என்ன சொல்ல முடிந்தது என்று கேட்பாயாக. அவ்வினாவை எந்த ஆட்சியை நோக்கியும், எந்தக் காலத்திலும், நீ கேட்கலாம்.